மூச்சோட வீடு சேர்த்தது

உக்காருங்க. வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணியக் குடியுங்க. அவசரம்னு உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா ஆஸ்பத்திரி விசயத்துல அவசரப்பட்டா ஒன்னும் ஆகாதுங்க, அதுக்குன்னு ஒரு முறை இருக்குது. பால் சொசைட்டிச் செயலாளர்தான அனுப்பினாரு? அனுப்புவாரு. அவங்கப்பனைக் கோயமுத்தூர்ல இருந்து மூச்சோட கொண்டாந்து வூட்டுல சேர்த்தவன் நான்தானுங்க.

ஆஸ்பத்திரி சென்னியப்பன்னு கேட்டிருப்பீங்க. ஆஸ்பத்திரில வேலை செஞ்சவன்னு நெனச்சுக்காதீங்க, நான் மஞ்ச மண்டில எடை போடறவன். பேரு ஊரு வெச்சது. எவனுக்கு நெஞ்சு வலின்னாலும் எவ வூட்டுல பிரசவம்னாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க. எந்தக் கவுன்ட்டர்ல எந்தச் சீட்டு, எந்த டாக்டரு எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ் வருவாரு, வாட்ச்மேனை எப்படி அண்ணான்னு கூப்புட்டு உள்ள போகோணும், எல்லாம் எனக்கு அத்துப்படி. டாக்டருங்க பேசறதுக்கு ஒரு அர்த்தம் இருக்குதுங்க, அதையப் படிக்கத் தெரியோணும். 'பாக்கலாம்'னா இல்லைன்னு அர்த்தம். 'எங்களால ஆனதைச் செய்யறோம்'னா சொந்தக்காரங்களுக்குச் சொல்லிப்போடுன்னு அர்த்தம். படிச்ச புள்ளைங்க இதையெல்லாம் அப்படியே நம்பிக்கிட்டு உக்காந்திருக்கும்.

உங்க அண்ணனுக்கு எத்தனை நாளாச்சுங்க? ஆறு நாளா. வாயில குழாய் போட்டு மெஷின்ல வெச்சாச்சு. ஃப்ளூ காய்ச்சல்னு சொன்னாங்களா? எக்ஸ்ரேல நெஞ்சு பூரா வெள்ளை வெள்ளையா? ம். கவுத்துப் போட்டாங்களா? போட்டாங்களா. சரீங்க.

வர்றேனுங்க, வராம என்ன. உங்க அண்ணிகிட்டயும் நானே பேசறேன், பொம்பளைங்ககிட்ட இதைய எடுத்துச் சொல்றதுக்கு ஒரு பக்குவம் வேணும். ஆனா கெளம்பறதுக்கு முந்தி ஒன்னு சொல்லிப்போடறேன். நான் வர்றேன்னு தெரிஞ்சா எவனாச்சும் உங்க காதுல ஓதுவான், அவனையா கூட்டிட்டு வர்றீங்க, அவன் தங்கச்சி வூட்டுல என்ன பண்ணினான்னு தெரியுமான்னு. அதைய என்ற வாயாலயே கேட்டுக்குங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குதுன்னு.

எங்கப்பன் செத்தப்ப எனக்குப் பதினாறு வயசு. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில உசுரு போச்சு. வேன்ல போட்டுக் கொண்டாந்தோம், உச்சி வெயில். வூட்டுக்கு முன்னால எறக்கறப்ப ஊர்ப் பெரியவங்க கையக் குறுக்க வெச்சுட்டாங்க. வெளிய போன உசுரு, பொணம் உள்ள வரக் கூடாதுன்னு. அந்த வூட்டுக்குக் கல்லு சொமந்தவரு அவருங்க. கொத்தனாருக்குக் கூலி குடுக்க முடியாம அவரே கரண்டி புடிச்சுக் கட்டின சொவரு. அதுக்கு ஆறடி தள்ளித் தெருவுல கயித்துக் கட்டல்ல கெடந்தாரு. வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு எங்கம்மா போர்வையக் கட்டறதுக்குக் கொம்பு தேடி ஓடினது இன்னும் என்ற கண்ணுலயே நிக்குது. அன்னைக்கு முடிவு பண்ணினேனுங்க, நம்ம சனத்துல ஒருத்தரைக்கூட இனி இப்படி வாசல்ல கெடத்த விடறதில்லைன்னு.

விடலீங்க. பதினோரு பேரைக் கொண்டாந்திருக்கேன். பதினோரு பேரும் மூச்சோட. அது லேசுப்பட்ட காரியம் இல்லை. கையில அமுக்கற பலூன் இருக்குது பாருங்க, அதைய ஆறு செகண்டுக்கு ஒருக்கா அமுக்கோணும். மேட்டுல வண்டி குலுங்கறப்ப ஆளு மறந்துருவான், நான் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டே வருவேன். பதினொன்னாவது ஆளு என்ற மாப்பிள்ளை. தங்கச்சி கலாமணியக் கட்டினவரு, திருமூர்த்தின்னு பேரு. அதுக்கப்புறம் இந்த ஒரு வருசமா யாரும் என்னையக் கூப்புடலீங்க. யாருக்கும் ஒன்னும் வரலை போல, நல்லதுதான். நீங்கதான் மொத ஆளு.

மாப்பிள்ளை மோட்டார் காயில் கட்டறவரு. தண்ணி மோட்டார் கருகிப்போச்சுன்னா சுத்துவட்டாரத்துல அவருகிட்டத்தான் வருவாங்க. நாப்பத்தாறு வயசு. பீடி இல்லை, சாராயம் இல்லை. என்னைய வாய் நெறைய மச்சான்னு கூப்புடுவாரு. நான் கேலி பண்ணிக்கிட்டே இருப்பேன், அவரு சிரிச்சுக்கிட்டே காயில் சுத்திக்கிட்டு இருப்பாரு. அவருக்குக் காய்ச்சல் வந்து அஞ்சு நாளு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டுக் கடையில உக்காந்துட்டாரு. ஆறாம் நாளு ஒரு வாக்கியம் பேசறதுக்கு ரெண்டு மூச்சு வாங்கறாரு. நான்தானுங்க தூக்கிக்கிட்டுப் போய்ச் சேர்த்தேன். இதைய யாரும் சொல்ல மாட்டாங்க பாருங்க. சேர்த்ததும் நான்தான்.

அன்னைக்குச் சாயங்காலமே குழாய் வெக்கோணும்னு சொன்னாங்க. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணாடி போட்டவங்க. பொறுமையாப் பேசுவாங்க, அது எனக்கு அப்பவே புடிக்கலை, பொறுமையாப் பேசறாங்கன்னா விசயம் பெருசுன்னு அர்த்தம். நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குது, அவரா மூச்சு இழுக்கறதுக்குச் சக்தி இல்லை, மெஷின் அவருக்குப் பதிலா இழுக்கும், அதுக்குள்ள நெஞ்சு ஆறோணும்னு சொன்னாங்க. கலாமணி என்னையப் பாத்தா. நான் சரின்னேன். அவ சரின்னா.

நாலாம் நாளு போய்ப் பாக்கறேன், மனுசனைக் குப்புறப் போட்டு வெச்சிருக்காங்க. எனக்கு வந்துதே ஒரு கோவம். உசுரோட இருக்கற மனுசனை எவனாச்சும் கவுத்துப் போடுவானுங்களா? சண்டைக்குப் போனேன். டாக்டரம்மா படம் வரைஞ்சு காட்டினாங்க, முதுகுப் பக்கம் இருக்கற நுரையீரல் அப்பத்தான் விரியுமாம். கவுத்துப் போட்டதுக்கப்புறம் காத்து நல்லா ஏறுதுன்னு மெஷின்ல நம்பரைக் காட்டினாங்க. நம்பரு என்னங்க நம்பரு. எடை போடறவனுக்குத் தெரியாதா நம்பரைப் பத்தி.

அப்படியே ஒம்பது நாளு ஓடுச்சு. கலாமணி அந்த ஆஸ்பத்திரி நடையில நீலக் கலர் சேருல உக்காந்தபடியே இருப்பா. அவ பொண்ணு மிதுனா, காலேஜ் ரெண்டாம் வருசம், வந்து வந்து போவா. பத்தாம் நாளு, புதன்கெழமை காலைல டாக்டரம்மா கூப்புட்டுச் சொன்னாங்க. மொதல்ல நூறு பர்சென்ட் ஆக்சிஜன் குடுத்துக்கிட்டு இருந்தோம், இப்ப அறுவதே போதுமா இருக்குது. மெதுவாத்தான் எறங்கும், இன்னும் ஒரு பத்துப் பன்னண்டு நாளு குடுங்க. வாயில குழாய் நெம்ப நாளு இருந்தாப் புண்ணாகும், அதனால தொண்டையில சின்னதா ஒரு ஓட்டை போட்டு அது வழியா வெக்கப் போறோம்னாங்க.

தொண்டையில ஓட்டைன்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. இனி ஆகாதுங்கறதை அப்படிச் சொல்றாங்க. பத்து நாளா வாய் வழியா ஆகாதது தொண்டை வழியா ஆயிருமா? அதோட இன்னொன்னு. நான் பஞ்சாங்கம் பாத்து வெச்சிருந்தேன். வியாழக்கெழமை ராத்திரி அவிட்டம் பொறக்குது. அவிட்டத்துல உசுரு போனா அடைப்பு, ஆறு மாசம் வூட்டை அடைச்சு வெக்கோணும். வயசுக்கு வந்த பொண்ணை வெச்சுக்கிட்டு அவ எங்க போய் இருப்பா? ஒரு அண்ணனா இதையெல்லாம் நான் யோசிக்காம வேற யாரு யோசிப்பாங்க, சொல்லுங்க.

நான் டாக்டரம்மாகிட்ட அங்கயே சொன்னேன், எப்படியும் போற உசுருங்கம்மா, வூட்டுல போகட்டும்னு. அவங்க மறுபடியும் மொதல்ல இருந்து நம்பரு சொன்னாங்க. போற உசுருன்னு நான் சொல்லலியே, நீங்கதான சொல்றீங்கன்னாங்க. அப்புறம் கலாமணியத் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசிப் பாத்தாங்க. வெளிய வந்தவ என்னையக் கேட்டா.

"நெசமாவே இனி ஆகாதாண்ணா?"

"இத்தனை பேரைப் பாத்தவன் சொல்றேன். ஆகாது சாமி."

டாக்டரு பேச்சை மீறிக் கூட்டிட்டுப் போறோம், எது நடந்தாலும் நாங்களே பொறுப்புன்னு ஒரு ஃபாரம் குடுப்பாங்க. கையெழுத்து அவ போட்டதுதானுங்க. நானா போட்டேன்? எடத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். பேப்பரு காத்துல பறக்காம புடிச்சுக்கிட்டேன்.

அன்னைக்கே பகல் பதினோரு மணிக்கு வூடு சேர்ந்துட்டோம். வர்ற வழியெல்லாம் எனக்கு போன்லயே வேலை. பந்தல்காரன், ஐஸ் பெட்டி, மூங்கில், தப்படிக்கறவங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு வர்றேன், ஒரு பக்கம் பலூனையும் எண்ணிக்கிட்டு. முன் ரூம்ல கட்டலைப் போட்டு, தலையத் தெக்க வெச்சு எறக்கினோம். அவரு கட்டின வூடு, அவரு வாங்கின கட்டலு. ஆம்புலன்ஸ்காரன் கொழாயை உருவினான். பத்து நிமிசம், மிஞ்சினாக் கால் மணி நேரம்னு என்ற காதுல சொன்னான். சுத்தி நின்னவங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டோம்.

மூச்சு நிக்கலீங்க.

கால் மணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு. லேசா, வெட்டி வெட்டி, ஆனா அவரே இழுக்கறாரு. பாத்தீங்களா, சொந்த மண்ணுக்கு வந்ததும் மனுசனுக்கு எத்தனை தைரியம்னு எல்லாருக்கும் சொன்னேன். எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. நான் கொண்டாந்ததுல யாரும் அரை மணிக்கு மேல தாங்கினதில்லை. மத்தியானம் இருமினாரு. கண்ணோரத்துல தண்ணி வழிஞ்சுது. சொருகின கண்ணுல அப்படி வரும்னு எனக்குத் தெரியும், நான் தொடைச்சு விட்டேன்.

கலாமணிதான் கெடந்து தவிச்சா. விரல் அசையுதுண்ணா, கூப்புட்டா இமை துடிக்குதுண்ணா, திருப்பிக் கொண்டு போயிரலாம்ணா, அந்த டாக்டரம்மா சேத்துக்குவாங்கன்னா. நான் அவளுக்குப் புரிய வெச்சேன். போற உசுரு கொஞ்சம் தெளிஞ்சுதான் போகும், அதைய நம்பி மறுபடி அந்தக் கொழாயையும் கத்தியையும் காட்டறதான்னு கேட்டேன். வாசல்ல பந்தலு போட்டாச்சு. ஒறம்பர, சொந்தபந்தம் பூரா வந்து எறங்கிட்டாங்க, காங்கேயத்துல இருந்தெல்லாம் வந்துட்டாங்க. அத்தனை பேருக்கு முன்னால ஆம்புலன்ஸைத் திருப்பினா என்ன பேசுவாங்க? அவளும் அப்புறம் கட்டலோரமாப் போய் உக்காந்துட்டா.

சாயங்காலம் பால் ஊத்தச் சொன்னேன். அதுதான முறை. துளசி போட்ட பாலு, ஆளுக்கு ஒரு கரண்டி, மொதல்ல பங்காளிங்க, அப்புறம் மாமன் மச்சான். அறுவது பேராச்சும் இருப்பாங்க. பாலு உள்ள எறங்குச்சுங்க, அதையச் சொல்லோணும். சில பேருக்குக் கடவாயில வழிஞ்சுரும். இவருக்கு எறங்குச்சு, ஏத்துக்கிட்டாரு. நடுவுல கொஞ்சம் கொரகொரன்னு இழுத்துச்சு, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. கலாமணி கரண்டியத் தட்டி விடப் பாத்தா. போதும்ணா, பொரை ஏறுதுண்ணான்னா. வரிசையில நிக்கறவங்க தப்பா நெனைப்பாங்கன்னு நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன். மறுநாளு காலைல ஒடம்பு அனலாக் கொதிச்சுது. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிஞ்சுருச்சு. அவிட்டம் பொறக்கறதுக்கு மூனு மணி நேரம் முந்தி. பெரியவங்க எல்லாரும் என்ற கையப் புடிச்சுக்கிட்டாங்க, சென்னியப்பா, நீ இருந்ததனால எல்லாம் முறையா நடந்துதுன்னு.

இதுல என்னங்க தப்பு? இன்னும் கேளுங்க, முடியலை.

மூனாம் நாளு சாம்பல் அள்ளிட்டு வர்றோம். வூட்டுக்குள்ள மிதுனா சொவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. அப்பன் ஆஸ்பத்திரில இருக்கறப்பவே அவளுக்கு லேசாக் காய்ச்சல்தான், எழவு வூட்டுல யாரு அதைய கவனிச்சா? இப்பத் தோளு ரெண்டும் மேலயும் கீழயும் போகுது. ஒதடு வெளுத்துக் கெடக்குது. அழுது அழுது அப்படி ஆயிருச்சு, கசாயம் வெச்சுக் குடுன்னு சொன்னேன். கலாமணி பக்கத்து வூட்டுக் காரைக் கூப்புட்டு, புள்ளையத் தோளுல சாச்சுக்கிட்டுக் கெளம்பறா. தாலி அறுத்து மூனு நாளு ஆகலீங்க. கருமாதி முடியற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. நான் கதவுகிட்ட நின்னேன். சொல்றதுக்குன்னு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?

"தள்ளுண்ணா," அப்படின்னா. "எம் புள்ளையப் பாக்க நீ வராத."

அதுதானுங்க என்ற தங்கச்சி என்னையப் பாத்துப் பேசின கடைசிப் பேச்சு. ஒரு வருசம் ஆகப் போகுது.

வராதன்னா விட்டுருவனா? தாய் மாமனாச்சே. மறுநாளே போனேன். எனக்குத் தெரிஞ்ச வாட்ச்மேன்தான், அண்ணான்னு கூப்புட்டு உள்ள போறவன்தான். அவன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறான். உங்களை விடக் கூடாது, நீங்க எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு உங்க தங்கச்சி எழுதிக் குடுத்திருக்குதுங்கண்ணான்னான். நான் கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். அதே நடை. அதே சேருல உக்காந்திருந்தா. அவ நிமுந்து பாத்திருந்தா நான் தெரிஞ்சிருப்பேன்.

புள்ளைக்கும் அதே காய்ச்சலு, அதே குழாய், அதே டாக்டரம்மா. கவுத்தும் போட்டாங்களாம். தொண்டையில ஓட்டையும் போட்டாங்களாம். பதினாலு நாளு மெஷின்ல. எனக்கு இதெல்லாம் அந்த வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். நான் தெனமும் மண்டி விட்டதும் போய் எதுத்தாப்புல இருக்கற டீக்கடையில உக்காந்துக்குவேன். சொந்தக்காரங்க யாரும் அவகூட இல்லை பாருங்க, கருமாதிக்குக்கூட வூடு வராதவளாச்சேன்னு எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. பதினஞ்சாம் நாளு மெஷினை எடுத்துட்டாங்க. ஒரு மாசத்துல புள்ளை நடந்து வந்து கார்ல ஏறுச்சு. டீக்கடையில இருந்து பாத்தேன். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் ஒரு நர்சு. எலும்பும் தோலுமாத்தான் இருந்தா, ஆனா நடந்தா.

எனக்குச் சந்தோசம்தானுங்க. வயசுப் புள்ளை, ரத்தம் புதுசு, பொழைச்சுக்கிட்டா. அவளும் அவங்கப்பனும் ஒன்னா? ஊரு அதையப் புரிஞ்சுக்க மாட்டேங்குது. அதே மெஷினு, அதே டாக்டரு, புள்ளை பொழைக்கலியான்னு எனக்குக் கேக்கற மாதிரியே பேசறாங்க. கலாமணி யாருகிட்டயும் என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலீங்க. நல்லதும் சொல்லலை, கெட்டதும் சொல்லலை. திட்டியிருந்தா நானும் திருப்பி ரெண்டு பேசியிருப்பேன்.

மிதுனாப் புள்ளையப் போன மாசம் ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அவளேதான் வந்து மாமான்னா. அம்மா பேசலைன்னா என்ன, நீங்க என்ற மாமாதானன்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு. துப்பட்டாவைக் கழுத்தைச் சுத்திப் போட்டிருக்கா, உள்ளுக்குள்ள அந்தத் தழும்பு ஒரு ரூவாய் அகலத்துக்குத் தெரியுது. கொரலு வேற கொஞ்சம் கரகரப்பு. என்ன அம்மிணி, ஆம்பளையாட்டப் பேசறேன்னு கேலி பண்ணினேன். சிரிச்சா. அவங்கப்பன் சிரிப்பேதான். கரும்புச் சாறு வாங்கிக் குடுத்துட்டு, எப்படியோ அந்தப் பேச்சு வந்துருச்சு. நல்ல வேளை கண்ணு, மயக்கத்துல போட்டுட்டாங்க, உனக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காதுன்னேன்.

"கேட்டுச்சு மாமா," அப்படின்னா.

விட்டு விட்டுத்தானாம். கனவா நெசமான்னே தெரியாதாம். கண்ணைத் தொறக்க வராது, விரலைத் தூக்க வராது, ஆனாக் கேக்கும். அவங்கம்மா தெனமும் காதுகிட்ட வந்து கெழமை சொல்லுவாளாம். இன்னைக்குத் திங்கக்கெழமை சாமி, வெளிய மழை பெய்யுது, உன்ற சிநேகிதி போன் பண்ணினான்னு. ஒரு நர்சு போன்ல அவங்க பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பாங்களாம், பதிமூனாம் வாய்ப்பாடு எனக்கு அங்கதான் மாமா மனப்பாடம் ஆச்சுன்னு சொல்லிச் சிரிக்கறா. ஒரு நாளு யாரோ ரெண்டு பேரு கால்மாட்டுல நின்னு, இந்தப் புள்ளை தேறாது போலன்னு பேசினாங்களாம். அன்னைக்கு, 'இல்லை, நான் இருக்கேன்'னு கத்தோணும்னு இருந்துச்சு மாமா, வாயில கொழாய் இருக்குதுன்னா. அதையச் சொல்றப்ப மட்டும் சிரிக்கலை.

அப்புறம் கேட்டா.

"அப்பாகிட்ட யாராச்சும் பேசிக்கிட்டு இருந்தீங்களா மாமா?"

குத்திக் காட்டறதுக்குக் கேக்கலீங்க. அப்படிப்பட்ட புள்ளை இல்லை அவ. அவங்கப்பன் தனியாக் கெடந்திருக்கக் கூடாதேன்னு கேக்கறா. பேசாம என்ன அம்மிணி, நான் பக்கத்துலயேதான இருந்தேன், பேசிக்கிட்டேதான் இருந்தேன்னு சொன்னேன். நல்லது மாமான்னா. அவ பஸ்ஸு வந்துருச்சு, ஏறிப் போயிட்டா.

பொய் சொல்லலீங்க நான். பேசிக்கிட்டேதான் இருந்தேன். எப்படியும் போற உசுருன்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னேனே, அது அவரு கால்மாட்டுல நின்னு சொன்னது. பந்தலு, ஐஸ் பெட்டி, மூங்கில் எத்தனை அடி வேணும், எல்லாம் ஆம்புலன்ஸ்ல அவரு காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பேசினது. வியாழக்கெழமை மத்தியானம் காங்கேயத்துக்காரங்க என்ற கிட்ட வந்து, எப்ப எடுக்கறதுன்னு கேட்டாங்க. தலைமாட்டுல நின்னுக்கிட்டுச் சத்தமாத்தான் சொன்னேன். இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்குது, அவிட்டம் பொறக்கறதுக்குள்ள முடிஞ்சாத் தேவலைங்கன்னு. மாப்பிள்ளைன்னு ஒருக்காக் கூப்புட்டனான்னு ஒரு மாசமா யோசிச்சுப் பாக்கறேன். கூப்புட்ட மாதிரி ஞாபகமே இல்லீங்க. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

மெஷின்ல கெடந்த எல்லாத்துக்கும் கேக்கும்னு இல்லைங்க. புள்ளைக்குக் கேட்டுதுன்னா அவருக்கும் கேட்டிருக்கோணும்னு என்ன இருக்குது? நீங்க சொல்லுங்க. ஒன்னும் கேட்டிருக்காதில்லீங்களா?

நான் வரலீங்க. இல்லை, கோவமெல்லாம் இல்லை. முழங்காலு ஒரு வாரமா வலி, ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாது. செயலாளர்கிட்ட அப்படியே சொல்லிருங்க. கொண்டு போறதோ வெச்சிருக்கறதோ, அது உங்க அண்ணியும் நீங்களும் அந்த டாக்டரும் பேசிக்கற விசயம், அதுக்கு நான் எதுக்கு.

ஒன்னு மட்டும் செய்யுங்க. என்ன பேசறதா இருந்தாலும் உங்க அண்ணன் கட்டலுக்குப் பக்கத்துல நின்னு பேசாதீங்க. வெளிய வந்து, கதவைச் சாத்திப்போட்டு, அந்த நடையோட கடைசிக்குப் போய் நின்னு பேசுங்க. உள்ள போனா அவரு பேரைச் சொல்லிக் கூப்புட்டு, இன்னைக்கு என்ன கெழமைன்னு சொல்லுங்க.